ஆவணி முகூர்த்தத்துக்குள், தோழர்களே!

ஆடி பிறக்கப் போகிறது. தள்ளுபடித் தட்டிகள் தொங்க ஆரம்பித்துவிடும். ஆவணி முகூர்த்தத்துக்குப் பட்டெடுக்க, கல்யாண வீட்டார் வேன் பிடித்துக் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் வந்து இறங்குவார்கள். பட்டு வேண்டாம் என்று அவர்களிடம் பேச நம் கையில் இருப்பது சில வாரங்கள்தான்.

2020-இல் கொரோனா பயத்தில் டென்மார்க் அரசு, ரோமத்துக்காக வளர்த்த ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மிங்க் விலங்குகளைக் கொல்ல உத்தரவிட்டபோது கொதித்தோம். ரோமப் பண்ணைகளை மூடச் சொல்லி ஐரோப்பாவில் 15 லட்சம் பேர் கையெழுத்துப் போட்டதைக் கொண்டாடினோம். சரிதான். சென்னை வெயிலில் இருந்துகொண்டு மிங்க் கோட்டை எதிர்ப்பதில் நமக்கு என்ன நஷ்டம்? அண்ணன் மகள் கல்யாணத்தில் பட்டு வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் குவித்திருக்கும் கூடு ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினால் உள்ளே லொடலொட என்று கேட்கும். அது உயிருள்ள கூட்டுப்புழு. ஏறக்குறைய 25 நாள் மல்பெரி இலை தின்று, கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே இழையாகத் தன்னைச் சுற்றிக்கொண்டது. சில நாள் விட்டால் கூட்டைத் துளைத்துப் பூச்சியாக வெளியே வரும். வந்தால் இழை அறுந்துபோகும். அதனால்தான் ஆவியிலோ சூடான காற்றிலோ உள்ளேயே கொன்று, வெந்நீரில் போட்டு நூல் எடுக்கிறார்கள். ஒரு கிலோ நூலுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். ஒரு கூடு இரண்டு கிராம் அளவுதான். ஒரு முகூர்த்தப் பட்டுக்கு எத்தனை ஆயிரம் உயிர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

“புழுதானே” என்பார்கள். மிங்க்குக்கு வலிக்கிற அளவு புழுவுக்கும் வலிக்குமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கொலை பசிக்கும் இல்லை, மருந்துக்கும் இல்லை. பீரோவில் கிடந்து வருஷத்துக்கு இரண்டு தடவை வெளியே வரும் சேலைக்கு. காஞ்சி மடத்துச் சந்திரசேகரேந்திர சரஸ்வதியே பட்டு வேண்டாம் என்று சொல்லி வந்தவர். அவரோடு நமக்கு நூறு விஷயத்தில் ஆகாது. இதில் நான் அவர் பக்கம். (அவர் படம் மாட்டிய வீடுகளிலேயே அது எடுபடவில்லை என்பது வேறு கதை.)

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். நெசவாளி நம் எதிரி இல்லை. தறி வீட்டு வாசலில் ஒரு கோஷமும் கூடாது. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பது கூலிதான். அதே கை பருத்தியும் நெய்யும். பூச்சி வெளியேறிய பிறகு நூற்கும் அகிம்சைப் பட்டை, ஆந்திரக் கைத்தறித் துறையில் இருந்த குசும ராஜையா செய்து காட்டியிருக்கிறார். பளபளப்பு குறைவு, விலை கூடுதல். அதை மறைக்காமல் சொல்லுங்கள். கோ-ஆப்டெக்ஸ் அகிம்சைப் பட்டு நூலை நெய்யக் கொடுக்க வேண்டும், நெசவாளிக்குப் பட்டுக்கான கூலி ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. நம் கோரிக்கை இதுதான்.

இன்றே கிளம்புங்கள். ஆளுக்கொரு கல்யாண வீடு, அதுவும் சொந்தக்காரர் வீடு. பெண்ணின் அம்மாவிடம் பேசுங்கள். கூறைச் சேலையில் கை வைத்தால் பேச்சு அங்கேயே முறியும். அத்தைக்கும் சித்திக்கும் நாத்தனாருக்கும் எடுக்கிற பட்டை நிறுத்தச் சொல்லுங்கள், பில்லில் பாதி அதுதான். துண்டறிக்கை இந்த வாரமே அச்சுக்குப் போக வேண்டும். ஆடி பாதியானால் அச்சகத்தார் ஆவணிக் கல்யாணப் பத்திரிகைகளில் மூழ்கிவிடுவார்கள், நம்மைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.