மயக்கமும் ஓர் எச்சரிக்கையே

ஜொகூர் பாருவில் குறுக்கோட்டப் போட்டியின்போது மாணவர் ஒருவர் மயங்கி விழுந்தால், பொதுவாகக் கூறப்படும் காரணங்கள் இரண்டு: காலையில் பசியாறவில்லை, வெயில் அதிகம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏற்படும் மயக்கத்திற்கு இதயத்தின் மின்னோட்டக் கோளாறும் காரணமாகலாம்.

இதயத்தின் வலது மேலறையிலுள்ள சைனஸ் கணு மின்துடிப்பை எழுப்புகிறது. அத்துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள மற்றொரு கணுவில் கணநேரம் தாமதித்து, பின்னர்க் கீழறைகளை அடைகிறது. இயல்பாக இது ஒன்றே வழி. சிலருக்குப் பிறவியிலேயே கூடுதலாக இன்னொரு வழி அமைந்துவிடுகிறது. ஒரு வழியே இறங்கும் மின்துடிப்பு மறுவழியே ஏறிச் சுழலத் தொடங்கினால், ஓய்வில் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும் இதயம் 200 முறைகூடத் துடிக்கலாம். 1930-இல் வுல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் எனும் மருத்துவர்கள் 11 நோயாளிகளைக் கொண்டு இந்நிலையை விவரித்தனர். 1,000 பேரில் ஏறத்தாழ 1 முதல் 3 பேருக்கு இவ்வமைப்பு உண்டு. பலருக்கு இதனால் தொல்லையில்லை. மிகச் சிலருக்கே உயிராபத்து.

இதற்காக எல்லா மாணவர்க்கும் இ.சி.ஜி. எடுக்க வேண்டுமா? தேவையில்லை. அது வீண் அச்சத்தையும் செலவையும் கூட்டும். ஆயினும், ஓடும்போது மயங்கியவர், காரணமின்றித் திடீர்ப் படபடப்புக்கு உள்ளாகுபவர், இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் ஆகியோரை ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்புவது தவறு. வலியற்ற இச்சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். கூடுதல் வழி கண்டறியப்பட்டால், இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, வெப்பத்தால் அதனை அழிக்கலாம். பெரும்பாலோர் இதனால் முழுமையாகக் குணமடைகின்றனர்.

பள்ளிகளின் ஆயத்தமும் முக்கியம். 2021 ஜூன் 12-ஆம் நாள், டென்மார்க் காற்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் திடலிலேயே இதயத்துடிப்பு நின்று சாய்ந்தார். உடனடி சிபிஆர் முதலுதவியும் மின்னதிர்வுக் கருவியும் அவரைக் காப்பாற்றின. மறு ஆண்டே அவர் மீண்டும் விளையாடினார். உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. 999-ஐ அழைத்தாலும், நெரிசல் மிகுந்த ஜொகூர் பாரு சாலைகளைக் கடந்து ஆம்புலன்ஸ் வந்துசேர நேரமாகும். அந்நேரத்தில் அருகிலிருக்கும் ஆசிரியரும் மாணவருமே உயிர்காப்போர்.

ஆகவே, ஒவ்வோர் இடைநிலைப்பள்ளியிலும் ஒரு மின்னதிர்வுக் கருவி இருத்தல் வேண்டும். ஒவ்வொரு மாணவரும் சிபிஆர் செய்யக் கற்றிருத்தல் வேண்டும். போட்டிக்கு முன் தண்ணீர்ப் புட்டிகளை எண்ணிவைக்கும் பள்ளிகள், இவ்விரண்டையும் அப்பட்டியலில் சேர்ப்பதே முறை.