பைக்காராவில் போட்டிங் போறீங்களா? படகு உரிமையாளரிடம் சட்டம் கேட்பது என்னென்ன?

மலப்புரம் பக்கமிருந்து வழிக்கடவு மலைப்பாதை ஏறி வருகிறவர்களுக்கு நீலகிரியின் வாசல் நாடுகாணி. செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும். இ-பாஸ் இருக்கா என்று பார்ப்பார்கள். தடை செய்த பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்புறம் கூடலூர், பைக்காரா, ஊட்டி. குடும்பத்தோடு வருகிறவர்களில் பலரும் கடைசியில் போய் நிற்பது போட் ஹவுஸ் வரிசையில்தான்.

நம்ம கையில் இருக்கும் பாட்டிலைச் சோதிக்கிறார்கள், சரி. நாம் ஏறப்போகும் படகை யார் சோதித்தது?

இந்தக் கேள்வி சும்மா வரவில்லை. நாடுகாணியில் இருந்து கீழே இறங்கினால் வருகிற அதே மலப்புரம் மாவட்டத்தில்தான் தானூர் இருக்கிறது. 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை. தூவல் தீரத்தில் இருட்டும் நேரத்தில் கிளம்பிய இரண்டு தள உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள். மீன்பிடிப் படகை மாற்றி அமைத்து, அனுமதித்ததை விட அதிகம் பேரை ஏற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு.

மீன்பிடிப் படகில் பாரம் அடியில் இருக்கும். அதன் மேல் ஒரு தளத்தைக் கட்டி ஆட்களை நிறுத்தினால் எடை மேலே ஏறிவிடும். எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் படகும் சாயும். அவ்வளவுதான் கணக்கு.

படகின் உரிமையாளர் கொலை வழக்கில் கைதானார். பிறகு துறைமுகத் துறை அதிகாரிகள் இரண்டு பேரும் கைது செய்யப்பட்டனர்.

படகுக்கும் 'எஃப்.சி.' உண்டு

1917-ம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது, உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் 2021. பெயரைப் பார்த்து இது ஏதோ பெரிய கப்பல்களுக்கானது என்று நினைக்க வேண்டாம். ஆறு, கால்வாய், ஏரி எல்லாமே இதில் 'உள்நாட்டு நீர்ப்பரப்பு'தான். இன்ஜின் வைத்து ஓடும் படகுக்கு பதிவுச் சான்று வேண்டும். சர்வே சான்றும் வேண்டும். லாரிக்கு எஃப்.சி. காட்டுவது மாதிரி, இந்தப் படகு மிதக்கத் தகுதியானதுதான் என்று அதிகாரி பார்த்துத் தரும் சான்று அது. தகுதியான ஓட்டுநர், பணியாளர்கள் இருக்க வேண்டும். உயிரிழப்பு, காயம், விபத்தால் ஏற்படும் மாசு வரை ஈடுகட்டும் இன்ஷூரன்ஸும் கட்டாயம். விபத்து நடந்தால் பக்கத்துக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும்.

மிதிபடகு, துடுப்புப் படகு போன்றவற்றை உள்ளாட்சி அளவில் பட்டியலிட மாநில அரசுக்கு இந்தச் சட்டம் வழி செய்கிறது.

ஆனால் அபராதம்? பணியாளர் விதியை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 25,000 வரை. சீசனில் ஒரு வார இறுதி வசூலை நினைத்துப் பார்த்தால் இது பெரிய பயமாகத் தெரியவில்லை. உயிர் போன பிறகுதான் குற்றவியல் சட்டம் உள்ளே வருகிறது.

அரசுப் படகு என்றால் கவலை இல்லையா?

ஊட்டியிலும் பைக்காராவிலும் படகு விடுவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். அரசு நிறுவனம்தானே என்ற நம்பிக்கை நமக்கு இருக்கும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த 'ஜலகன்யகா'வும் கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகுதான். 45 பேர் இறந்தார்கள், தமிழ்நாட்டில் இருந்து போனவர்களும் அதில் உண்டு. அதுவும் இரண்டு தளப் படகு.

2024 ஜனவரி 18-ல் குஜராத்தின் வதோதராவில் நடந்தது இன்னொரு வகை. ஹர்னி ஏரியில் பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். ஏரி மாநகராட்சியுடையது, படகு விட்டது ஒப்பந்த நிறுவனம். இந்த மாதிரி நேரத்தில் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவது வழக்கமாகிவிட்டது.

சுற்றுலா போட் ஹவுஸே இல்லாத இடங்களும் இருக்கின்றன. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் 22 பேர் இறந்தது, உல்லாசப் பயணத்துக்கு எடுத்த மீன்பிடிப் படகில்.

தண்ணீருக்குள் போவது என்ன?

உயிர் பற்றிப் பேசும் அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை. பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் புகை ஞாபகம் இருக்கா? பெட்ரோலோடு ஆயிலும் கலந்து எரியும், எரியாத மிச்சம் புகையோடு வெளியே வரும். அதே வகை இன்ஜின் படகில் இருந்தால் அந்த மிச்சம் நேராகத் தண்ணீருக்குள் போகும். படகின் அடியில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீரை ஏரியிலேயே இறைத்து விடுவதும் உண்டு. 2021 சட்டப்படி மாசுத் தடுப்புச் சான்று வாங்க வேண்டும். கழிவுநீரை இஷ்டத்துக்குத் திறந்துவிடவும் கூடாது. மாசுப் பொருளைத் தெரிந்தே நீர்நிலையில் கலப்பதை 1974-ம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் தடுக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஊட்டி ஏரி கெட்டதற்குப் படகுகளை மட்டும் குற்றம் சொன்னால் அது நியாயமில்லை. நகரத்தின் சாக்கடையைக் கோடப்பமந்து கால்வாய் கொண்டுவந்து கொட்டுகிறது. பைக்காரா கதை வேறு. அது மின் உற்பத்திக்கான அணை நீர். அங்கிருந்து மாயாறு வழியாக பவானிசாகருக்குப் போகிறது. பைக்காராவில் சிந்தும் எண்ணெய் ஈரோட்டு வயல் வரை போகிற தண்ணீரில்தான் கலக்கிறது.

அடுத்த முறை டிக்கெட் வாங்கும்போது, படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டின் வார் கிழிந்திருந்தால் வேறு கேளுங்கள். சர்வே சான்று எந்தத் தேதி வரை செல்லும் என்று கவுன்ட்டரில் கேட்டால் முறைத்துப் பார்க்கலாம். பரவாயில்லை, கேளுங்கள்.