பழைய புரொஜெக்டரும் வியாபாரியின் வாக்கும்

சில வருடங்களுக்கு முன்னர் கட்டுகஸ்தோட்டையில் ஒரு பழைய வீட்டுச் சாமான்களை மொத்தமாக வாங்கினேன். அதில் வீட்டில் படம் காட்டும் சிறிய புரொஜெக்டர் ஒன்றும் இருந்தது. கரண்ட் கொடுத்ததும் மோட்டர் ஓடியது, பல்ப் எரிந்தது. அவ்வளவும் போதும் என்று துடைத்துக் கடையில் வைத்தேன். அக்குறணையிலிருந்து வந்த ஒருவர், "நானா, இது வேலை செய்யுமா?" என்று கேட்டார். "நல்லா வேலை செய்யும் தம்பி" என்று சொல்லி விற்றுவிட்டேன்.

அடுத்த வாரமே அவர் திரும்பி வந்தார். அவரது கையில் டொபி கடதாசி போல் கசங்கிய படச்சுருள் இருந்தது. அவருடைய வாப்பா, உம்மாவின் கலியாணப் படம் அது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். படத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

பெரும்பாலான வீட்டுப் படங்களுக்கு நெகடிவ் கிடையாது. கமராவுக்குள் ஓடிய அதே பிலிம்தான் கழுவப்பட்டு புரொஜெக்டரிலும் ஓடும். எனவே கையிலிருப்பதுதான் ஒரே பிரதி. இந்த இயந்திரத்தை விற்கும் வியாபாரி தன் பொருளுக்கு மட்டுமல்ல, வாடிக்கையாளரின் பிலிமுக்கும் பொறுப்பாளியாகிறார். இதைத் தெரியாமல் விற்றது என் தவறு. எம்மவர்கள் பலரும் இப்பொழுது பழைய பொருள் வியாபாரத்தில் இறங்கியிருப்பதால், நான் நட்டப்பட்டுக் கற்றதை இங்கே சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது இயந்திரத்தின் பெயரையல்ல, பிலிமின் அளவை. கொடாக் கம்பனி 1923இல் 16 மில்லிமீற்றரையும், 1932இல் 8 மில்லிமீற்றரையும், 1965இல் சுப்பர் 8 என்பதையும் கொண்டு வந்தது. பின்னைய இரண்டும் ஒரே அகலம் என்பதால் பலரும் ஏமாறுகிறார்கள். பழைய 8இல் ஓரத்துத் துளை பெரியது, இரு படங்களுக்கு நடுவே வரும். சுப்பர் 8இல் துளை சிறியது, படத்தின் நடுப்பகுதிக்கு நேராக வரும். ஒன்றுக்குரிய இயந்திரத்தில் மற்றதை ஓட்டினால் துளைகள் கிழியும். இரண்டையும் ஓட்டக்கூடிய இயந்திரங்களும் உண்டு. அவற்றில் சுவிட்சைச் சரியாக மாற்ற வேண்டும்.

இரண்டாவது மின்சாரம். எமது நாட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது. நேரடியாகச் செருகினால் பல்ப் அந்த நிமிடமே போய்விடும். ட்ரான்ஸ்போமர் போட்டால் வோல்ட் சரியாகும், ஹேர்ட்ஸ் மாறாது. பல மோட்டர்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவும் கூடுதல் சூடாகவும் ஓடும். இரண்டுக்கும் ஏற்ற கப்பி வைத்த மாதிரிகளும் உள்ளன. ஆகவே பின்புறத் தகட்டை வாசிக்காமல் விலை பேசக் கூடாது.

மூன்றாவது, தேயும் பாகங்கள். ஜப்பானின் எல்மோ நல்ல பெயர் எடுத்தது. ஆனால் அதன் எஸ்.டி. 1200 போன்ற மாதிரிகளில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் வயது போனால் வெடிக்கும். ஒஸ்ட்ரியாவின் யூமிக் மாதிரிகள் பலவற்றில் றப்பர் சக்கரம் தேய்ந்தோ, ஓரிடத்தில் தட்டையாகியோ போயிருக்கும். பெல்ட் பாவிக்கும் இயந்திரத்தில் பெல்ட் தளர்ந்திருக்கும். இவை திருத்தக் கூடிய குறைகள்தான். பாகம் எங்கே எடுக்கலாம் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பல்ப்பும் அப்படியே. பிற்கால மாதிரிகள் பலவற்றில் வரும் 12 வோல்ட் 100 வோட்ஸ் ஹலஜன் பல்ப் இன்றும் கிடைக்கிறது. பழைய காலத்து 500 வோட்ஸ் பல்ப்புகளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

நான்காவதுதான் முக்கியமான சோதனை. முதலில் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எங்காவது இறுகினால் கரண்ட் கொடுக்க வேண்டாம். பின்னர் பிலிம் இல்லாமல் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். எரிந்த வாடை வருகிறதா, வேகம் குறைகிறதா என்று கவனியுங்கள். அதன் பின் யாருக்கும் தேவையில்லாத ஒரு பிலிம் துண்டை இரண்டு மூன்று தடவை ஓட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீளக் கோடு விழுந்திருந்தால் பிலிம் போகும் பாதையில் அழுக்கோ பிசிறோ உண்டு. துளை கிழிந்திருந்தால் பிலிமை இழுக்கும் கொக்கியில் குறை. மலைநாட்டு ஈரத்தில் லென்ஸில் பூஞ்சணமும் பிடித்திருக்கலாம். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள்.

இயந்திரம் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் பிலிம் சரியில்லாமல் இருக்கலாம். டப்பாவைத் திறந்ததும் வினாகிரி மணம் அடித்தால், சூட்டிலும் ஈரத்திலும் அந்த பிலிம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சுருங்கி வளைந்த பிலிமை எந்த புரொஜெக்டரிலும் போடக் கூடாது. அதை ஸ்கேன் செய்பவர்களிடம் அனுப்புவதே வழி. நல்ல பிலிமாக இருந்தாலும் முதலில் ஸ்கேன், பிறகு புரொஜெக்டர் என்பதே என் ஆலோசனை.

"இதெல்லாம் யாருக்கு? ஹோட்டலில் அழகுக்கு வைக்கத்தானே வாங்குகிறார்கள்" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அப்படியானால் அழகுப் பொருள் என்று சொல்லியே விற்போம். அதில் குற்றமில்லை. லைட் எரிவதை மட்டும் காட்டி "வேலை செய்யும்" என்று சொல்வதுதான் குற்றம். பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்று சிறு வயதிலேயே ஓதிக் கொடுக்கப்பட்டவர்கள் நாம்.

இப்பொழுது என் கடையில் புரொஜெக்டர் விற்றால் பில்லில் மூன்று விடயங்களை எழுதுகிறேன். எந்த அளவு பிலிமுக்கு, எத்தனை வோல்ட், பிலிம் போட்டுச் சோதித்ததா இல்லையா. சோதிக்காததற்கு விலை குறைவுதான். ஆனால் அதை வாங்கிப் போனவர் எவரும் கசங்கிய பிலிமோடு என் கடை வாசலுக்குத் திரும்பி வரவில்லை.