தறியும் நமதாதல் வேண்டும்

சொந்தத் தறியில் நெய்வதற்கும் பிறர் தறியில் கூலிக்கு நெய்வதற்கும் உள்ள வேறுபாட்டைச் செல்லூர் நெசவாளர் நன்கறிவர். கணினித் துறைக்கும் இது பொருந்தும்.

கட்டற்ற மென்பொருளைப் பலர் கூடி ஆக்குகின்றனர். மூல நிரல், திருத்தங்கள், பிழை முறையீடுகள், அவை பற்றிய உரையாடல்கள் அனைத்தையும் ஒருங்கே காக்கும் தளம் அவர்களுக்குத் தேவை. பெரும்பாலோர் அயல் நிறுவனங்களின் இலவசத் தளங்களையே நாடுகின்றனர். ஆனால், கூகுள் கோடு தளம் 2016இல் மூடப்பட்டது. கிட்ஹப் 2018இல் மைக்ரோசாப்டின் உடைமையாயிற்று. மறு ஆண்டே அமெரிக்கத் தடைச் சட்டத்தால் ஈரானிய நிரலாளர்களின் கணக்குகள் கட்டுப்படுத்தப்பட்டன. 2021இல்தான் அத்தடை நீங்கியது.

நிரலின் படி ஒவ்வொருவர் கணினியிலும் இருக்குமே என்பர் சிலர். உண்மைதான். எனினும், பிழைக் குறிப்பும் உரையாடலும் தளத்தோடு மறைந்துவிடக் கூடும்.

இதற்கு மாற்று உண்டு. கிட்லேப், கிட்டீ போன்ற மென்பொருள்களை நம் சொந்த வழங்கிக் கணினியிலேயே நிறுவலாம். டெபியன், க்னோம் குழுக்கள் 2018இலும், கேடிஈ குழு 2020இலும் கிட்லேபை இவ்வாறே தம் பொறுப்பில் நிறுவிக்கொண்டன.

இது எளிதன்று. மின்சாரம், காப்புப்படி, பாதுகாப்புத் திருத்தம் ஆகியவற்றை ஒருவர் இடையறாது பேண வேண்டும். முத்தவல்லி கவனியாத வக்ஃபு பாழாவதை நாம் அறிவோம். ஆயினும், பொதுநலனுக்கு விட்ட சொத்து விற்பனைக்குரியதன்று என்னும் நெறியும் நாம் அறிந்ததே. தமிழ்ச் சொற்பிழைத் திருத்தி போன்ற பொதுச் செல்வங்களும் அத்தகையனவே. மதுரைக் கல்லூரிகள் ஒன்றுகூடி, மாணாக்கரைப் பொறுப்பாளராக்கி, அவற்றுக்கென ஒரு வழங்கியை அமைத்தல் நலம். ஆன்றோர் சிந்திப்பாராக!