பாசறை பல்கலைக்கழகமானது, ஜெரெஜாக் என்னவானது?



சர்க்காருக்கு வேண்டாததாகிப் போன நிலமும் கட்டடமும் யாருக்குச் சேர வேண்டும்? பினாங்கிலிருந்து இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

குளுகோரில் பிரிட்டிஷ் பட்டாளம் தங்கியிருந்த மிண்டன் பாசறையை எண்ணிப் பாருங்கள். பட்டாளம் போன பின் அந்த இடத்தைச் சீமான்கள் கூறு போட்டுக்கொள்ளவில்லை. 1969-இல் பினாங்கில் பிறந்த பல்கலைக்கழகம் 1971-இல் அங்கே குடியேறியது. அதுவே இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். சிப்பாய்கள் நடை பழகிய மேட்டில் பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளையும் பட்டம் பெற்றது. இதுவன்றோ பொதுச் சொத்துக்கு மரியாதை!

அதற்கு அப்பால், கடலில் தெரிகிறது ஜெரெஜாக் தீவு. கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிமாரை நோய்க்கு அஞ்சி நிறுத்தி வைத்த தீவு. குஷ்டரோகிகளை ஒதுக்கி வைத்ததும் அங்கேதான். 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை. பிறகு? 2004-இல் உல்லாச விடுதி! அதுவும் நிலைக்கவில்லை. நம்மவர் கண்ணீர் சிந்திய மண்ணில் கூலிக்காரனுக்கு ஒரு பள்ளியில்லை, ஓர் இளைப்பாறும் இல்லமில்லை.

நிலம் மாநில சர்க்காரின் அதிகாரம். மத்திய சர்க்காரின் சொத்தோ மத்திய நில ஆணையர் பெயரில். உன்னுடையதா என்னுடையதா என்று கடிதம் போய் வருவதற்குள் கூரை இடிந்து விழுகிறது. இருவரும் ஒரே மேசையில் உட்காரட்டும். பக்கத்திலுள்ள கெடாவும் பேராக்கும் சேரட்டும். மூன்று மாநிலத்திலும் சும்மா கிடக்கும் கட்டடங்களின் பட்டியல் ஒன்றாக வெளிவரட்டும். ஒரு வாளிப் பால் குறைந்தாலும் எழுதி வைக்கிறவர்கள் நம் கிராணிமார். சர்க்காருக்கு மட்டும் இந்தக் கணக்கு கடினமா?

விற்றுக் கஜானாவை நிரப்பலாம் என்பார் சிலர். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கினால் அடுத்த போகத்துக்கு எதை விதைப்பது? குத்தகைக்கு விடுங்கள், குத்தகைப் பணத்தில் முதல் பங்கு அந்தக் கட்டடத்தின் பழுதுக்கே போகட்டும்.

தொழிலாளிக்குச் சொத்தை ஆளத் தெரியுமா என்று சிரிப்போரும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், 1960-இல், வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தொழிலாளர் பங்குதாரரானார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்கள் கைக்கு வந்தது.

ஆகவே சர்க்கார் காலி செய்யும் எந்தக் கட்டடமும் முதலில் பள்ளிகளுக்கும், தொழிலாளர் வீட்டு வசதிக்கும், கூட்டுறவுச் சங்கங்களுக்கும் காட்டப்பட வேண்டும். அவர்கள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்த பிறகு முதலாளி வரட்டும்.