பாட்டியிடம் கேளுங்கள், பிறகு கணினியைத் தட்டுங்கள்



சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் குடும்ப மரம் வரைந்து வரும்படி வீட்டுப்பாடம் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் பெரும்பாலான மரங்கள் தாத்தாவோடு நின்றுவிட்டன. "கொள்ளுத் தாத்தா பெயரைக் கணினியில் தட்டினால் வராதா, டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். சிரித்துவிட்டேன். ஆனால் அன்றிரவு நானும் என் பாட்டியின் தகப்பனாரைத் தேடிப் பார்த்தேன். வரவில்லை.

குறை கணினியிடம் இல்லை, என்னிடம்தான். நான் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில் பாட்டி உயிரோடு இருந்தார். விடுமுறைக்கு வந்தால், "நாங்க கப்பல் ஏறின கதை தெரியுமா?" என்று தொடங்குவார். "பரீட்சை இருக்கு பாட்டி, அப்புறம் கேக்கிறேன்" என்பேன். அந்த அப்புறம் வரவே இல்லை. இன்று என் மேசையில் கணினி இருக்கிறது. அதில் தட்ட ஊர்ப் பெயர் இல்லை.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான், அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதையும் கிராணி காதில் விழுந்தபடி எழுதினார். என் பாட்டியின் பெயரே மூன்று பத்திரங்களில் மூன்று விதமாக இருக்கிறது. பிஜிக்கும் நெட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு ஆளுக்கொரு பதிவு உண்டு. அதில் ஊரும் தகப்பன் பெயரும் இருக்கும். கங்காணியோடு மலாயா வந்த நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அப்படியொரு பதிவு கிடைப்பதில்லை. 1938இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்யும்வரை, ஆயிரமாயிரம் பேர் அப்படித்தான் வந்தார்கள்.

ஆகவே ஆளின் பெயரை விட்டு, தோட்டத்தின் பெயரைத் தேடுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' தளத்தில் பழைய பத்திரிகைகள், தமிழ் முரசு உட்பட, இலவசமாக இருக்கின்றன. சில பக்கங்களை மட்டும் அங்குள்ள நூலகத்தில்தான் பார்க்க முடியும். பாட்டி வேலை செய்த தோட்டத்தின் பெயரைத் தட்டினேன். மாத ரப்பர் விளைச்சல் கணக்கு வந்தது. துரை மாறிப்போன செய்தி வந்தது. மரம் சீவியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. மனம் கசந்தது. ஆனாலும் தோட்டம் எந்தக் கம்பெனியுடையது என்று தெரிந்தது. இனி அந்தப் பெயரைக் கொண்டு, கோலாலம்பூர் அர்க்கிப் நெகாராவின் கோப்புப் பட்டியலை இணையத்திலேயே தேடலாம். இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் குடிபெயர்வு பற்றிய அரசுக் கோப்புகளும் உள்ளன.

ஊர் தேடும்போது பழைய எழுத்துகளையும் நினைவில் வையுங்கள். திருச்சி அன்று 'டிரிச்சினாப்பொலி', தஞ்சாவூர் 'டாஞ்சூர்'. பத்திரத்தில் சேலம் என்றிருந்தால் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் பாருங்கள். வடஆற்காடு என்றிருந்தால் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் பாருங்கள்.

என் ஊர் கடைசியில் எங்கே கிடைத்தது தெரியுமா? பாட்டி வீட்டுக்கு அடுத்த லயத்தில் குடியிருந்த ஒரு மூதாட்டியிடம். தோட்டம் விற்கப்பட்டபின் மகளோடு பட்டணத்து அடுக்குமாடியில் இருக்கிறார். "ஒங்க வீட்டையும் எங்க வீட்டையும் ஒரே கங்காணிதான் கூட்டியாந்தாரு. முசிறிப் பக்கம். ரெண்டு வீட்டுக்கும் ஒரே குலசாமி" என்றார். கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும்தான் ஆள் சேர்ப்பார். அதனால் லயத்து அண்டை வீட்டாரும் நமக்கு ஓர் ஆவணம். குலதெய்வத்தின் பெயர் இன்னோர் ஆவணம். கோயில் ஊரை விட்டு நகர்வதில்லை அல்லவா?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். ஊர், குலதெய்வம், கங்காணி பெயர், தோட்டத்தின் பெயர், இறங்கிய துறைமுகம் – இந்த ஐந்தையும் கேளுங்கள். கைப்பேசியில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். பிறப்புப் பத்திரம், பழைய சிவப்பு அடையாளக் கார்டு, எதையும் எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். உயிரோடு இருப்பவர்களின் அடையாளக் கார்டு எண்களை மட்டும் இணையத்தில் போடவேண்டாம்.

கேள்வி கேட்ட அந்தப் பையன், கொள்ளுப் பாட்டியிடம் கேட்டு மரத்தில் இரண்டு கிளைகள் கூட்டி வந்தான். "பாட்டி அழுதாங்க டீச்சர். ஆனா சொல்லி முடிச்சாங்க" என்றான்.

எனக்குச் சொல்ல ஆளில்லை. உங்களுக்கு இருந்தால், நாளை என்று தள்ளாதீர்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.