ரெய்டு போட்டவனெல்லாம் பேக்கப் எடுத்தவன் இல்லை!

"ரெய்டுதான் இருக்குல்ல, அப்புறம் எதுக்கு பேக்கப்பு?" இந்த வசனத்தை இன்னொரு தடவை யாராவது என் முன்னாடி சொன்னா நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்லை, ஆமா.

கதைக்கு வருவோம். நாலு டெராபைட் வன்தட்டு நாலு வாங்கி வீட்டுல ரெய்டு 5 போட்டு வெச்சிருந்தேன். ஒரே நாள், ஒரே கடை, ஒரே பெட்டி. தங்கச்சி கல்யாண வீடியோ, பத்து வருஷப் படங்கள், அப்பா கடைசிக் காலத்துல பேசினதைப் பதிஞ்ச 11 ஒலிக்கோப்புகள்.. எல்லாம் அதுலதான். ஒரு தட்டு போனாலும் மத்த மூணும் காப்பாத்தும்னாங்க. பொய்யில்லை. ஒண்ணு போனா மட்டும் காப்பாத்தும்.

மூணாவது தட்டுல பென்டிங் செக்டார் எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சுது. நண்பர்கிட்ட கேட்டேன். "பிடுங்கிட்டு புதுசைச் சொருகுங்க பாஸ், தானா கட்டிக்கும்"னார். சொருகினேன். 71 சதவீதத்துல முதல் தட்டும் படிக்க முடியலைன்னு கையை விரிச்சிடுச்சு.

விதின்னு அழ இதுல ஒண்ணும் இல்லை மக்களே, கணக்குதான். சாதாரண வன்தட்டுக்கு 10^14 பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழைக்குள்ளன்னு தயாரிப்பாளரே போடுறார். அதாவது 12.5 டெராபைட்டுக்கு ஒண்ணு. என் பெட்டியைத் திரும்பக் கட்ட மீதி மூணையும் முழுசாப் படிக்கணும், 12 டெராபைட்! நிஜத்துல தட்டுகள் அதைவிட நல்லாவே உழைக்குதுங்கறது சரிதான். ஆனா ஒரே வயசுத் தட்டுகளை மணிக்கணக்கா மூச்சு விடாம ஓடவிடுற நாள் அதுதானே? 2007-ல கூகுள் ஆளுங்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ஞ்சு எழுதினாங்க: முதல் ஸ்கேன் பிழை வந்த தட்டு அடுத்த 60 நாளுக்குள்ள சாக, பிழையே வராத தட்டைவிட 39 மடங்கு வாய்ப்பு. செத்த தட்டுகள்ல பாதிக்கு மேல முக்கியமான ஸ்மார்ட் எச்சரிக்கை எதுவுமே காட்டாம செத்திருக்கு. அதனால "பச்சை விளக்கு எரியுதே"ன்னு நிம்மதியாத் தூங்காதீங்க.

அந்த நண்பர் மேல கோவம் ஏன்னா, நோயாளித் தட்டைப் பிடுங்கவே கூடாது. அது இன்னும் 99 சதவீதம் படிக்கும். உள்ளேயே வெச்சுக்கிட்டு, பக்கத்துல புதுசைப் போட்டு எம்டிஅட்மின்ல ரீப்ளேஸ் கொடுத்தா பழசுலேர்ந்தே நகல் எடுக்கும், படிக்க முடியாத இடத்துக்கு மட்டும் மத்த தட்டுகளைக் கேட்கும். ரெண்டாவதும் படுத்துட்டா? மறுபடி கிரியேட் கொடுக்காதீங்க! மின்சாரத்தை நிறுத்துங்க. டிடிரெஸ்க்யூ வெச்சு, மேப் கோப்போட, நோயாளியைப் புதுத் தட்டுக்கு நகலெடுங்க. அந்த நகலை வெச்சு அசெம்பிள் பண்ணி, படிக்க மட்டும் மவுண்ட் பண்ணி அள்ளுங்க.

நான் அப்படித்தான் செஞ்சேன். மூணு ராத்திரி ஓடுச்சு. கடைசியில படிக்க முடியாமப் போனது வெறும் 84 கிலோபைட். சிரிக்காதீங்க. எக்ஸ்டி4-ல ஒரு 4 கிலோபைட் துண்டுக்குள்ள 16 கோப்புகளோட ஐநோடு இருக்கும். அப்பாவோட 11 கோப்பும் அப்படி ஒரு துண்டுலதான் இருந்திருக்கு.

"அப்ப ரெய்டு 6 போடலாமே"ம்பீங்க. தாராளமாப் போடுங்க, ரெண்டு தட்டு வரைக்கும் தாங்கும். மாசம் ஒரு தடவை ஸ்க்ரப்பும் ஓடவிடுங்க. ஆனா தவறுதலா அழிச்சா நாலு தட்டுலயும் சேர்த்துத்தான் அழியும். பவர் சப்ளை வெடிச்சா எல்லாம் ஒண்ணாப் போகும். கடையைச் சாத்தாம வியாபாரம் நடக்கத்தான் ரெய்டு. கல்லாவுக்குக் காவல் பேக்கப்புதான்.

அந்த 11-ல ரெண்டு மட்டும் இன்னிக்கு என்கிட்ட இருக்கு. எப்பவோ தங்கச்சி கேட்டான்னு அனுப்பினது, அவ போன்ல கிடந்துச்சு. ஆயிரக்கணக்குல செலவழிச்ச பெட்டி காப்பாத்தலை. ஊர்ல இருந்த ஒரு ஓட்டை போன் காப்பாத்துச்சு.

அதுக்குப் பேருதான் பேக்கப்பு.

டிஸ்கி: படிச்சு முடிச்சதும் "சூப்பர் பதிவு தல"ன்னு சொல்லிட்டுப் போகாம, முதல்ல ஒரு வெளித்தட்டை எடுத்து நகல் போடுங்க. அதை வேற வீட்டுல வையுங்க.